கூப்பிட்ட குரலுக்கு

மணி பன்னிரண்டு ஆனதும் என்னைத் தட்டிச் சொல்லிவிடு பாப்பா. அதற்குமேல் நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது. இன்று மத்தியானம் தொட்டு நாளை மத்தியானம் வரைக்கும் வாயைத் திறக்கிறதில்லை என்று சலேத்து மாதாவுக்கு நேர்ச்சை செய்திருக்கிறேன். என் பெயரும் சலேத்துதான். கொடைக்கானல் மலையில் கோயில் கொண்டிருக்கிற மாதாவின் பெயரை எனக்கு வைத்தார்கள்.

எனக்கு இது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. இயற்கையிலேயே நான் அதிகம் பேசுகிற ஆள் கிடையாது. எழும்பூரில் ஏறினதிலிருந்து நீதான் பார்க்கிறாயே.

சிரிக்கிறாய். என் மகள் ஸ்டெல்லாவும் இப்படித்தான் சிரித்தாள். "எம்மா, பட்டினி கிடக்குறேன்னு சொல்லு, முழங்காலால மலையேறுறேன்னு சொல்லு, மாதா நம்புவாங்க. பேசாம இருக்கேன்னு சொன்னா எப்படி நம்புவாங்க?" என்றாள். பெற்ற பிள்ளைகள் நம்மைப் பற்றி என்னவெல்லாம் நினைத்து வைத்திருக்கிறார்கள், பார்.

எதற்கு நேர்ச்சை என்றால், அதோ எதிர் வரிசையில் கடைசி சீட்டில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருக்கிறாரே, அவருக்காக. என் வீட்டுக்காரர். பெயர் இன்னாசிமுத்து. அந்தப் பேப்பர் நேற்றையது. படிக்கவில்லை. நான் பேசுவது காதில் விழாத மாதிரி இருக்கிறார். எல்லாம் விழும்.

அவரும் என் மகனும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

சொத்துத் தகராறா, காதல் கல்யாணமா என்று கேட்பாய். அதெல்லாம் கிடையாது. என் மகன் போலந்து நாட்டுக்குக் கபடி ஆடினான். அதுதான் தகராறு.

போலந்தில் கபடியா என்று கேட்காதே. ஊரே கேட்டு ஓய்ந்துவிட்டது. வரிசையாகச் சொல்கிறேன், கேள். மணியை மட்டும் பார்த்துக்கொள்.

மகன் பெயர் ததேயு. யூதா ததேயு அப்போஸ்தலர் பெயர். வீட்டில் பட்டு. ஆறடி உயரம், தோளைப் பார்த்தால் தேக்குக் கட்டை. ஆனால் எனக்குப் பட்டுதான். அவனை நான் வளர்த்த விதத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஒரு குரல் கூப்பிட்டால் "என்னம்மா" என்று பதில் வந்துவிட வேண்டும். மறு குரல் கூப்பிட வைக்கக் கூடாது. கிணற்றுக்குள் நீந்திக்கொண்டிருந்தாலும் சரி, புளியமரத்து உச்சியில் இருந்தாலும் சரி, வாய் நிறையச் சோறு இருந்தாலும் சரி, "என்னம்மா" வந்துவிடும். தூக்கத்தில் கூப்பிட்டால்கூடக் கண்ணைத் திறக்காமல் சொல்வான். இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை அப்படிச் சொல்கிறது? காதில் எதையாவது மாட்டிக்கொள்கிறார்கள். நீயும் மாட்டியிருந்தாய். நான் பேச ஆரம்பித்ததும் கழற்றிவிட்டாய். நல்ல பிள்ளை.

இவர் வாலிபத்தில் பெரிய கபடிக்காரர். எங்கள் ஊர் சவேரியார்புரம், திண்டுக்கல்லுக்கு மேற்கே. சவேரியார் திருவிழா என்றால் கொடி ஏறுகிற அன்றைக்கே சுற்றுப்பட்டு அணிகள் எல்லாம் வந்து இறங்கிவிடும். எதிர்ப் பக்கம் போய், மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டே ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும் இல்லையா? அப்படிச் சொல்வதை எங்கள் பக்கம் பாட்டு என்போம். இவர் பாடப் போனால் பிடிக்க நிற்கிறவனுக்கு மூச்சு வாங்கும், இவருக்கு வாங்காது. பூசைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தவள்தான் நான். அதற்குமேல் இப்போது வேண்டாம், அவர் காது இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஆனால் மாவட்டத்தைத் தாண்டி அவரால் போக முடியவில்லை. கைபிடித்துக் கூட்டிப் போக ஆள் இல்லை. அந்த ஆசையை எல்லாம் மூட்டை கட்டி மகன் தலையில் ஏற்றினார். பட்டுவும் நன்றாகத்தான் ஆடினான். திருச்சியில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். இதில் எடுத்துவிட்டால் அடுத்தது இந்திய அணிதான் என்று இவர் டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவிட்டார். பார், அந்தச் சமயம் பார்த்து இவருக்கு மஞ்சள் காமாலை. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. நான்தான் பிள்ளைக்குத் துணையாகப் போனேன்.

அன்றைக்கு வெயில் என்றால் வெயில். பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆடிக்கொண்டிருக்கிறான். பெற்ற மனசு கேட்குமா? பாட்டிலைத் தூக்கிக் காட்டி ஒரே ஒரு குரல் கொடுத்தேன். அத்தனை களைப்பிலும் பதில் சொன்னான். எப்படிச் சொல்கிறான் பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் என்ன நடந்ததோ, விசில் ஊதினார்கள், அவனை உட்கார வைத்தார்கள். கடைசியில் எடுக்கவில்லை. எல்லாம் சிபாரிசு பாப்பா. நமக்கெல்லாம் யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் இவர் படுக்கையில் இருந்தபடியே, "என்னடா ஆச்சு?" என்று கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், "பாட்ட விட்டுட்டேன்ப்பா" என்றான். அவ்வளவுதான். "இன்னாசிமுத்து மகனுக்கு மூச்சு பத்தலையா?" என்று சொல்லிவிட்டு இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மஞ்சள் காமாலை போய்விட்டது. அந்தச் சோர்வு போகவில்லை.

அதற்கப்புறம் பட்டு போலந்துக்குப் படிக்கப் போனான். படித்து முடித்ததும் அங்கேயே குளிர்சாதனப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. அந்த ஊர்க்காரர்களுக்கு அவன் பெயர் சுலபமாக வந்ததாம். அவர்களிலும் ததேயு உண்டாம், தடேயுஷ் என்பார்களாம். எனக்கு அதில் ஒரு நிம்மதி. இன்னொரு நிம்மதி, நம் போப்பாண்டவராக இருந்த இரண்டாம் அருள் சின்னப்பர் பிறந்த நாடு அது. பிள்ளை நல்ல இடத்தில்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நம் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து பூங்காவில் கபடி ஆடியிருக்கிறார்கள். பார்த்த ஒரு பெண்மணி, யாரோ ஒருவனைப் பல பேர் சேர்ந்து அமுக்குகிறார்கள், அவன் ஏதோ முனகிக்கொண்டே தப்பிக்கப் பார்க்கிறான் என்று போலீசுக்குச் சொல்லிவிட்டாள். போலீஸ்காரர் வந்தார். பட்டு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னான். கேட்டுக்கொண்டு போனவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரைக்கால் சட்டையோடு வந்து நின்றாராம், நானும் ஆடுகிறேன் என்று. அவர்தான் இப்போது அந்த அணியில் கால் பிடிக்கிறவர். ஆளைப் பிடிப்பதுதானே அவர் உத்தியோகம்.

இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்து ஒரு அணியே ஆகிவிட்டது. பட்டுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தான். கபடியை வேறு பாஷையில் சொல்லிக் கொடுக்க அவனுக்கு வரவில்லை. அதனால் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் "அமுக்கு", "விடாத", "கால இழு" என்று தமிழில்தான் கத்துவார்கள். நாட்டுக்காக ஆடலாம் என்று ஆனபோது, குடியுரிமை வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கிக்கொண்டான். வாங்கிய அன்றைக்கு நல்ல செய்தி என்று போனில் அப்பாவிடம் சொன்னான்.

இவர் சொன்னார்: "எதிர்ப் பக்கம் பாடப் போனா, தொட்டுட்டு நம்ம பக்கம் திரும்பி வரணும்டா. அதுக்குப் பேருதான் கபடி. அங்கயே நின்னுட்டவன் அவுட்டு."

அதுதான் கடைசிப் பேச்சு.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் இவருக்குப் போலந்து என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன போலந்து மாமா, அங்க மழை எப்படி?" என்பார்கள். போப்பாண்டவர் பிறந்த நாடுதானே, அதில் என்ன குறைச்சல் என்று நான் ஆறுதல் சொன்னேன். "அப்ப அவரையே ஆடச் சொல்லு" என்றார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அன்றையிலிருந்து நடுவில் நான்தான். பட்டு போன் பண்ணுவான். நான் சத்தமாக வைத்துவிடுவேன். அவன் பேசுவது இவருக்குக் கேட்கும். இவர் பேசுவது அவனுக்குக் கேட்கும். ஆனாலும் இவர், "குளிருக்குக் கம்பளி போட்டுக்கச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார். நான் அதை அவனிடம் ஒரு தடவை சொல்வேன். அவன், "போட்டுட்டேன்னு சொல்லும்மா" என்பான். அதை இவரிடம் ஒரு தடவை சொல்வேன். நான் மட்டும் இல்லாவிட்டால் இந்தக் குடும்பத்தில் பேச்சு என்பதே இருக்காது. அப்படி இருக்க, நான் அதிகம் பேசுகிறேன் என்கிறாள் ஸ்டெல்லா.

தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். பன்னிரண்டுக்கு இன்னும் இருக்கிறதல்லவா? சரி.

இந்தத் தடவை உலகப் போட்டி சென்னையில் என்றார்கள். முதல் ஆட்டமே இந்தியாவும் போலந்தும். பட்டு போன் பண்ணினான். "அம்மா, ரெண்டு பேரும் வாங்க. அப்பாவ எப்படியாச்சும் கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணு, நான் பாடும்போது மட்டும் கூப்பிடாத" என்றான். எதற்கு அப்படிச் சொன்னான் என்று எனக்கு விளங்கவில்லை. ஆட்டத்துக்கு நடுவில் யாராவது கூப்பிடுவார்களா?

செபமாலையை எடுத்துக்கொண்டு மாதா முன்னால் உட்கார்ந்தேன். அம்மா, யார் ஜெயித்தாலும் சரி, யார் தோற்றாலும் சரி. இந்த மனுஷன் என் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசட்டும். ஒரே ஒரு வார்த்தை. பேசிவிட்டால் நான் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கோயிலிலும் சொல்லி வைத்தோம். ஞாயிறு பூசையில் உபதேசியார், "நம்ம டீம் ஜெயிக்க வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். எல்லோரும் ஆளுக்கொரு டீமை மனசில் வைத்துக்கொண்டு ஆமென் சொன்னார்கள்.

இவரைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில், "ஒனக்குத் துணைக்கு வர்றேன். ஆட்டம் பாக்க இல்ல" என்றார். அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டார். அந்தப் பேப்பர்தான் இது.

உள்ளே போனால், அம்மாடி, எத்தனை சனம். எங்களைச் சுற்றி எல்லாம் காலேஜ் பிள்ளைகள். கன்னத்தில் தேசியக் கொடி வரைந்துகொண்டு, ஊதுகிறதும் கத்துகிறதும். இவர் பேப்பரை விரித்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்தார். போலந்து அணி ஓடி வந்தது. எல்லாம் பால் வெள்ளை. நடுவில் என் பிள்ளை மட்டும் பாலில் விழுந்த கருப்பட்டி மாதிரி. திரும்பினான். முதுகில் பெரிய எழுத்தில் பெயர் போட்டிருந்தது. நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். ஆனாலும் இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்துவிடுவேன். வாசித்தேன். வாசித்து முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இன்னாசிமுத்து என்று இருந்தது.

வெளிநாட்டில் அப்பா பெயரைத்தான் குடும்பப் பெயர் என்று எழுதிக்கொள்வார்களாம். பனியனில் அதைத்தான் போடுவார்களாம். ததேயு என்ற பெயர் எங்கும் இல்லை. ஏங்க, உங்கள் பெயர் ஓடுகிறது பாருங்கள் என்றேன். அவர் பேப்பரை இறக்கவில்லை.

ஆனால் மைக்கில் பேசுகிறவர் விடுவாரா? பட்டு பாடப் போனதும், "இன்னாசிமுட்டு, இன்னாசிமுட்டு" என்று ஆரம்பித்தார். பேப்பருக்குப் பின்னாலிருந்து, "முட்டு இல்லடா, முத்து" என்று ஒரு குரல் வந்தது. முன் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்று, "ஏ இன்னாசிமுத்து, ஒழுங்கா வீட்டுக்கு ஓடிரு" என்று கத்தினான். அவன் கூட்டாளி, "இன்னாசிமுத்துக்கு மூச்சு வாங்குதுடா, சோடா வாங்கிக் குடுங்கடா" என்றான். சுற்றி ஒரே சிரிப்பு. பாவம், விளையாட்டுப் பிள்ளைகள், பக்கத்தில் இருப்பவர் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பேப்பர் இறங்கிவிட்டது. "யாருக்குடா மூச்சு வாங்குது?" என்றார். முன்வரிசைப் பையன் திரும்பிப் பார்த்து, "ஒங்களுக்கு இல்ல தாத்தா, அந்த இன்னாசிமுத்துக்கு" என்றான்.

அப்போதுதான் பட்டு இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி வந்து விழுந்தான். மைக்கில் இவர் பெயரைச் சொல்லி இரண்டு பாயிண்ட் என்றார்கள். நான் கடைக்கண்ணால் பார்த்தேன். மீசையைத் தடவி விட்டுக்கொண்டிருந்தார். தடவுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்து மறுபடியும் பட்டு பாடப் போனான். இதைத்தான் உன்னிடம் நியாயம் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன், நன்றாகக் கேள். எதிர்ப் பக்கம் உள்ளே போய்விட்டான். "கபடி கபடி" என்று சொல்வது எனக்கே கேட்கிற மாதிரி இருந்தது. அவன் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் மூலையிலிருந்து ஒருவன் பதுங்கிப் பதுங்கி அவன் காலுக்கு வருகிறான். என் பிள்ளை பார்க்கவில்லை. அந்தக் கால் சின்ன வயதில் ஒரு தடவை முறிந்த கால். கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தான்தான். ஆனால் அது சும்மா கூப்பிடக் கூடாது என்பதற்குத்தானே? இது அவசரம் இல்லையா? மெதுவாகத்தான் கூப்பிட்டேன். "பட்டு" என்றேன், அவ்வளவுதான். மெதுவாகத்தான் என்றாலும் அந்தச் சமயம் பார்த்து எல்லோரும் அமைதியாக இருந்துவிட்டார்கள். எதிர் மாடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

என் பிள்ளை என்னை விட்டுக்கொடுக்கவில்லை பாப்பா. அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில், எதிராளிகள் சுற்றி நிற்க, திரும்பி என்னைப் பார்த்து "என்னம்மா?" என்றான்.

நடுவர் விசில் ஊதிவிட்டார். அவுட்டாம். முன்வரிசைப் பையன், "பாட்டு போச்சு, பாட்டு போச்சு" என்று குதித்தான். எனக்கு அந்தச் சத்தத்தில் பட்டு போச்சு என்று காதில் விழுந்தது. ஐயோ மாதாவே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் பிள்ளை தன் காலில் நடந்து வெளியே வருவதைப் பார்த்தேன்.

"கபடி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறவன் நடுவில் வேறு வார்த்தை சொன்னால் அவுட் என்று சட்டமாம். அம்மா கூப்பிட்டால் பதில் சொல்லக் கூடாது என்று எந்த ஊரில் சட்டம் போடுவார்கள்? அந்த நடுவருக்கும் ஒரு அம்மா இருப்பார்கள் அல்லவா? இதுதான் எனக்கு மனத்தாங்கல். வேறு யார் மேலும் எனக்குக் கோபமில்லை.

அந்தச் சமயத்தில் பக்கத்து சீட்டைப் பார்க்கிறேன், பேப்பர் மட்டும் இருக்கிறது. மனுஷனைக் காணோம். பார்த்தால் படியில் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். தடுப்புக் கம்பி பக்கத்தில் நின்ற காவலர் கையை நீட்டி மறித்து, யார் நீங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"இன்னாசிமுத்து."

"அது அங்க ஆடுறவர் பேரு பெரியவரே."

"அவன் பேரு ததேயு. இது என் பேரு. நான் குடுத்தது."

காவலர் பட்டுவின் முதுகைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார். "அப்ப இப்ப அவுட் ஆனது யாரு?" என்று கேட்டார்.

"அதத்தான் கேக்கப் போறேன், வழிய விடு" என்றார் இவர்.

கம்பிக்குப் பக்கத்தில் நின்றே நடுவரோடு வாதம். "பேசுனான், ஆனா மூச்சு விடல சார். கபடியும் அதே மூச்சு, என்னம்மாவும் அதே மூச்சு. எங்க காலத்துல எந்தப் பாட்டு வேணாலும் பாடுவோம், மூச்சு அறாம இருந்தாச் சரி" என்று. நடுவர் எந்த ஊர்க்காரரோ, பாஷையே விளங்காமல் நின்றார். கன்னத்தில் கொடி வரைந்த அத்தனை பிள்ளைகளுக்கும் நடுவில், இந்தியாவுக்கு எதிராக, போலந்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது யார் தெரியுமா? ஊரில் போலந்து என்று கூப்பிட்டால் கல்லை எடுக்கிற மனுஷன்.

போலந்துப் பயிற்சியாளர் ஓடி வந்தார். செக்கச் செவேலென்று ஆள். பட்டு ஏதோ சொன்னான். அவர் உடனே இவர் கையைப் பிடித்துக் குலுக்கி, கம்பியைத் திறக்கச் சொல்லி, அவுட்டானவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார். அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில். நான் மேலே இருந்து செபமாலையை உருட்டிக்கொண்டே இருக்கிறேன். ஒரு வார்த்தை, மாதாவே, ஒரே ஒரு வார்த்தை.

பேசினார் பாப்பா. உதடு அசைந்ததை நானே பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று ராத்திரி பட்டு சொன்னான்.

"மூச்சு இருந்துச்சேடா. பெறகு ஏன் பாட்ட விட்ட?"

"அம்மா கூப்பிட்டுச்சுப்பா."

"திருச்சியிலயுமா?" என்று இவர் கேட்டாராம்.

"ஆமாப்பா."

"அப்ப ஏண்டா சொல்லல?"

"எப்படிப்பா சொல்றது?"

அப்போது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பி மேலே என்னையே பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. இவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவ கூப்பிடத்தான்டா செய்வா. கல்யாணம் ஆன நாள்லருந்து நான் பாட்ட விட்டுருக்கனா, பாத்துக்க" என்றாராம். இவர் கபடியை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. எந்தப் பாட்டைச் சொன்னாரோ. திருச்சியில் என்ன நடந்தது என்று நானும் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்கிறார்கள்.

அப்புறம் ஆட்டம் முடிகிற வரைக்கும் இவர் நாற்காலியில் உட்காரவில்லை. "அமுக்குடா வெள்ளக்காரா, விடாத, விடாத" என்று ஒரே கூச்சல். கால் பிடிக்கிற அந்தப் போலந்துப் போலீஸ்காரர் அதைக் கேட்டுவிட்டு ஒருவனைக் கால் பிடித்துச் சாய்த்தார் பார், இந்தியாக்காரப் பையன்களே கை தட்டினார்கள். போலந்து தோற்றுத்தான் போனது. கொஞ்சநஞ்சமில்லை, நன்றாகவே தோற்றது. எனக்கு அதில் குறையில்லை. நம்ம டீம்தானே ஜெயித்தது.

ஆனால் ராத்திரி அவன் தங்கியிருந்த விடுதிக்குச் சாப்பிடப் போனால், இவர் மறுபடியும் பழையபடி. மகன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். இவர் என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு சப்பாத்தி வச்சுக்கச் சொல்லு" என்கிறார். கோபமில்லை, எனக்குத் தெரியும். கூச்சம். மூன்று வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? நான்தான் மாதாவிடம் தப்பாகக் கேட்டுவிட்டேன். ஒரு வார்த்தை ஒரு வார்த்தை என்று கேட்டேன். மாதாவும் ஏதோ நாலு வார்த்தையாகப் போட்டுக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாராளமாகக் கேட்டிருக்கலாம்.

இன்றைக்குச் சாயந்தரம் அடுத்த ஆட்டம், அர்ஜென்டினாவோடு. அதில் ஜெயித்தால்தான் போலந்து போட்டியில் நிற்குமாம். இருந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். பட்டு பதறிப்போய், "வேணாம்மா, அப்பாவுக்கு அலைச்சல்" என்று காலை வண்டிக்கு டிக்கெட்டை அவனே எடுத்து, எழும்பூர் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டு, வண்டி நகர்கிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனான். என்ன அக்கறை பார்.

இவருக்கும் இப்போது பக்தி வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என் நேர்ச்சை எதிலாவது தலையிட்டிருக்கிறாரா? நேற்று ராத்திரி அவராகவே, "பேசாம இருக்குற நேர்ச்சைய ஏன் தள்ளிப் போடுற, நாளைக்கு மத்தியானத்துலருந்தே வச்சுக்கயேன். சாயந்தரம் டீவியில ஆட்டம் இருக்கு" என்றார். ஆட்டத்துக்கும் நேர்ச்சைக்கும் என்ன சம்பந்தமோ. ஆனாலும் பன்னிரண்டு மணி மூவேளைச் செபத்தில் ஆரம்பிப்பது நல்லதுதான் என்று சரி என்றுவிட்டேன்.

என்ன, நெருங்கிவிட்டதா? எத்தனை நிமிடம் இருக்கிறது? இரண்டா?

பார், போன் அடிக்கிறது. பட்டுதான். இப்போது எடுத்தேன் என்றால் பன்னிரண்டுக்குள் என்னால் முடிக்க முடியாது. நேர்ச்சை உடைந்துவிடும். ஏங்க... ஏங்க... பேப்பரை இறக்குங்கள். பட்டு கூப்பிடுகிறான். நான் எடுக்க முடியாது, என்ன சொல்ல வேண்டுமோ நீங்களே சொல்லுங்கள். நான் நடுவில் இல்லை இனிமேல். பாப்பா, இதை அவர் கையில் கொடு. கொடுத்துவிட்டு வந்துவிடு, நிற்காதே, கூச்சப்படுவார்.

எடுத்துவிட்டாரா? காதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாரே. மாதாவே, அருள் நிறைந்த மரியே...

"என்னடா?" என்றார். கேட்டதா உனக்கு? கூப்பிட்ட குரலுக்குச் சொல்லிவிட்டார்.

இன்னும் பேசுகிறார். மூலையில நிக்கிறவனப் பாத்துப் போ என்கிறார். சாப்பிட்டியா என்கிறார். என்னிடம் சொல்லச் சொல்லவில்லை பார், அவரே கேட்கிறார். ஏன் சிரிக்கிறார்? இந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். என்ன சொல்கிறார், உனக்கு நன்றாகக் கேட்கும், சொல்.

"ஆமாடா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கூப்பிட மாட்டா. நீ தைரியமாப் பாடு" என்றா சொன்னார்?

பாவம் பாப்பா, என் பிள்ளை. ஒரு நாள் என் குரலைக் கேட்காமல் இருக்க முடியாமல், அவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறான் பார். ஏங்கிப் போய்விடுவான். ஏங்க, அவனிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான்...

ஆகிவிட்டதா? சரி, சரி. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே.